கொம்பும் காலும்

உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் சொன்னது, மத்தியானச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று, இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. எழில் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டாள்? சாதாரணமாகத்தான் கேட்டாள், ஒரு கையில் போன், ஒரு கையில் காபி. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் பேர்ப் பட்டியல் எடுக்கிறார்களாம், பள்ளிக்கூடத்து வெப்சைட்டில் அவரவர் விவரத்தை அவரவரே இன்று சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட வேண்டுமாம், நாளைக்கு கிளாஸ் மிஸ் சரிபார்த்து மேலே அனுப்பிவிடுவாராம். அதில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சர்டிபிகேட்டில் வரும், பிறகு ஆயுசுக்கும் அதுதான். "இனிஷியல் என்ன போடட்டும்?" என்றாள். தமயந்தி சட்னியைத் தாளித்துக்கொண்டே, "இதென்னடி கேள்வி, இருக்கிறதுதான்" என்றாள். இருக்கிறது ம. ம என்றால் மணிவாசகம், எழிலைப் பெற்றவர், தமயந்தியின் முதல் கணவர், குழந்தை நடை பழகுவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவர். நான் கோவர்த்தனன். எழில் யூகேஜி படிக்கும்போது இந்த வீட்டுக்குள் வந்தவன். அம்மா பதில் சொன்ன பிறகும் எழில் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் இட்லியைப் பார்த்தேன். "உன் இஷ்டம்மா" என்றேன். அவள் "ம்" என்றாள். பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். காபியை மிச்சம் வைக்கிற பெண் இல்லை அவள், டம்ளரின் அடியில் இருக்கிற சர்க்கரையை விரலால் வழித்துச் சாப்பிடுகிறவள். உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம்? நீ எதைப் போட்டாலும் எனக்குச் சந்தோஷம் என்று ஓர் அர்த்தம். எனக்கு இதில் ஒன்றும் இல்லை, ஆளை விடு என்று இன்னோர் அர்த்தம். நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாதபோது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். எனக்கு ஆசை இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். இந்த வயதில் ஓர் எழுத்துக்கு ஆசைப்படுவதா என்று வெட்கம். அதுவும் செத்துப்போன ஒரு மனிதரின் இடத்துக்கு.

ஏசி முதுகில் அடிக்கிறது. ஆஸ்பத்திரி சர்வர் ரூமில் உட்கார ஸ்வெட்டர் வேண்டும், ஆனால் மதுரை வெயிலில் ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பஸ்ஸில் ஒருத்தரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓபி கிடையாது, அதனால் இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை. எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஊரே கறி எடுத்துச் சமைத்துத் தின்றுவிட்டுத் தூங்கும் நேரத்தில் நான் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயுமாக இந்த மெஷின்களின் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் அமைப்புப் பக்கம் திறந்து கிடக்கிறது. வடிவ மாற்றங்களையும் அனுப்பவா என்று கேட்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக் வைக்க வேண்டும். இதை யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் இப்படித்தான் சொல்வேன்: இங்கே மதுரையில் இருப்பது முதல் டேட்டாபேஸ், ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகள் எல்லாரும் இதில்தான் பதிவாகிறார்கள். திருச்சிக் கிளையில் இருப்பது மாற்று. இங்கே ஒருவர் பெயரைப் பதிந்தால் அடுத்த மூச்சில் அங்கேயும் பதிவாகிவிடும். இது என்றைக்காவது படுத்துவிட்டால் அது எழுந்து நின்று வேலை பார்க்க வேண்டும், வெளியே ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. இரண்டாவதாக வந்தவன் என்று ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. இந்த ஜோக்கை ஆபீஸில் யாரும் என்னைப் பார்த்து அடித்ததில்லை, மரியாதை தெரிந்தவர்கள், நானே அடித்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம். பெயர்கள் போகும், ரத்த வகை போகும், ஜுரம் போகும், பில் போகும், எல்லாம் தானாகப் போகும். இங்கே பதிவுப் பட்டியலில், டேபிள் என்போம், அதில் புதிதாக ஒரு பெட்டி சேர்த்தால் மட்டும் அந்தச் சேதி தானாகப் போகாது. அனுப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இங்கே பெட்டி இருக்கும், அங்கே இருக்காது. அந்தப் பெட்டிக்குரிய எழுத்து அங்கே போய், உட்கார இடம் இல்லாமல் நிற்கும், அதற்குப் பின்னால் வருகிற எல்லாமும் நிற்கும். சத்தம் வராது, சிவப்பு விளக்கு எரியாது. என்றைக்கு மதுரை படுக்கிறதோ அன்றைக்குத்தான் திருச்சி எத்தனையோ நாள் பின்தங்கிக் கிடப்பது தெரியும்.

இன்றைக்குச் சேர்க்க வேண்டிய பெட்டியும் இனிஷியல் பெட்டிதான். இதைக் காலையில் வீட்டில் சொல்லியிருந்தால் தமயந்தி சிரித்திருப்பாள். பழைய பெட்டியில் ஓர் எழுத்துக்கு மட்டும் இடம். இங்கிலீஷில் பெயர் எழுதியவரை ஒரு தொந்தரவும் இல்லை. நோயாளி கையில் கட்டுகிற பட்டையில் தமிழில் பெயர் வர வேண்டும் என்று நிர்வாகம் சொன்ன பிறகுதான் வினை வந்தது. நமக்குக் கோ என்பது ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. அதற்கு க ஓர் எழுத்து, அந்தக் க-வுக்கு முன்னும் பின்னும் வருகிற கொம்பும் காலும் சேர்ந்து இன்னோர் எழுத்து. ஓர் எழுத்துக்கு இடம் இருக்கிற பெட்டியில் கோ-வைப் போட்டால் க உள்ளே போகும், கொம்பும் காலும் வாசலிலேயே விழுந்துவிடும். கை, கு, கோ, கி எல்லாம் க. செ, சு, சோ எல்லாம் ச. கொஞ்ச நாள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு பெண்கள் வார்டில் கு. சரசு என்று ஓர் அம்மாள், கோ. சரசு என்று இன்னோர் அம்மாள், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், இரண்டு பேர் கையிலும் க. சரசு. ஒருத்திக்கு ஏற்ற வேண்டிய ரத்தத்தை மற்றவளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நர்ஸ் கெட்டிக்காரி, ஊசி குத்துவதற்கு முன்னால், "உங்க வீட்டுக்காரரு பேரு என்னம்மா?" என்று கேட்டாள், தப்பித்தோம். அந்தக் கோ. சரசுவின் கணவன் பெயர் கோவிந்தன். அந்த ஆள் மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, கோபம்கூட இல்லாமல், "அய்யா, எங்க எழுத்துக்குக் கொம்பையும் காலையும் காணமே, எங்க போச்சு?" என்று கேட்டார். நான் பெட்டி, அகலம், எழுத்துக் கணக்கு என்று என்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பாதி ஆளா?" என்றார். பாதி ஆள் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு என் ஞாபகம்தான் வந்தது.

போன் அடிக்கிறது. எழில் இல்லை, நஸ்ரத். திருச்சிக் கிளையில் இதே வேலையைப் பார்க்கும் பெண், அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை போயிற்று, ஆனால் குரலில் அது தெரியாது. "சார், லைன்ல இருக்கீங்களா? சேர்க்கிற மாற்றத்துக்கு டிக் வெச்சாச்சா?" வைத்தேன். "அகலப்படுத்தறதுக்கு?" வைத்தேன். "பெட்டி முதல்ல வரணும் சார், எழுத்து பின்னாடி வரணும். எழுத்து முதல்ல வந்துச்சுன்னா இங்க எல்லாம் ஜாமாயிரும்." தெரியும் அம்மா. பெட்டி முதலில், எழுத்து பிறகு. என் வீட்டில்தான் எல்லாம் தலைகீழாக நடந்தது. எழுத்துகள் எல்லாம் முதலிலேயே வந்துவிட்டன, மழை நாளில் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்ததும், பல் ஆடுகிறது என்று என்னிடம் வாயைத் திறந்து காட்டியதும், கணக்கில் தோற்றபோது அம்மாவிடம் சொல்லாதே என்று அழுததும், வயசுக்கு வந்த அன்று என்னிடம் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டதும், மறுநாள் தானே வந்து கிரிக்கெட் ஸ்கோர் கேட்டதும். எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன, ஒன்றுகூடத் தொலையவில்லை. போடுவதற்குப் பெட்டிதான் இல்லை. "சார்?" சொல்லு. "நீக்கறதுக்கு டிக் வெக்கவா வேணாமா? புதுப் பெட்டி வந்த பின்னாடி அந்தப் பழைய காலத்தை டிராப் பண்ணிரச் சொல்லி மேனேஜர் சொன்னாரே. க்ளீனா இருக்கணுமாம்." காலம் என்றுதான் நாங்கள் சொல்வோம், அது இங்கிலீஷ் காலம், டேபிளில் நெட்டுக்குத்தாக நிற்கிற பெட்டி வரிசை. தமிழில் எழுதினால் போன காலம் வந்த காலம் என்கிற காலமாகவே ஆகிவிடுகிறது. பழைய காலத்தை நீக்கு என்று இங்கே ஒரு வரி எழுதினால் போதும், டிக் இருந்தால் திருச்சியிலும் அது அழிந்துவிடும். மாற்று என்பதற்கே பிறகு அர்த்தம் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் துடைத்தாகிவிடும். "வேணாம்" என்றேன். "இங்க எடுத்தாலும் அங்க கிடக்கட்டும்." "சும்மா காலியாத்தானே சார் இருக்கும் இனிமே?" "இருக்கட்டும்மா. இடத்தையா அடைச்சுக்கிட்டிருக்கு?" அவள் சரி என்று சொல்லிவிட்டு யாரிடமோ டீ வாங்கிவரச் சொன்னாள். எனக்கும் டீ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேண்டீன் மூடியிருக்கும்.

மணிவாசகத்தை நான் பார்த்ததே இல்லை. கூடத்தில் படம் இருக்கிறது, மீசை கொஞ்சம் கோணல், கண் அப்படியே எழிலுடையது. நான் வந்த புதிதில் அந்தப் படத்தை எடுத்து உள்ளறையில் மாட்டிவிடலாமா என்று தமயந்தி கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று அவள் நினைத்துக்கொண்டாள், அன்று ராத்திரி என்னோடு கூடுதலாக நாலு வார்த்தை பேசினாள். உண்மையில் எனக்குப் பயம். படத்தை எடுத்தால் சுவரில் ஒரு வெளிறிய கட்டம் தெரியும், அதையும் சேர்த்து நான்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படம் அங்கேயே இருக்கிறது. வருஷா வருஷம் அவர் திதிக்கு வடைக்கு உளுந்து அரைப்பது நான்தான், கிரைண்டரைக் கழுவித் துடைப்பதும் நான்தான். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஓர் இடம் பிடித்துவிட்டு எழுந்து போனவரின் சீட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருக்கிற கூச்சம்தான். போன ஆனி மாதம் மணிவாசகம் பக்கத்துக் கல்யாணம் ஒன்று, திருமங்கலத்தில். நாங்கள் மூன்று பேரும் போனோம். வாசலிலேயே ஒரு பெரியம்மாள் எழிலின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "ஏத்தா, நீ யாரு மக?" என்றாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "பாத்தாலே தெரியுதே, மணி மகதான. மூக்கும் முழியும் அப்படியே இருக்கே. மணி மக, மணி மக." பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்து ஆமாம் ஆமாம், மணி மக என்றார்கள். எழில் சிரித்துக்கொண்டே நின்றாள். நான் எங்கே நின்றேன் என்றால் அவளுக்குப் பின்னால், அவளுடைய ஹீல்ஸ் கடிக்கிறது என்று கழற்றிக் கொடுத்த செருப்பை ஒரு கையிலும் அன்பளிப்புப் பொட்டலத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு. பெரியம்மாள் என்னைப் பார்த்து, "தம்பி, பந்தி மாடியில" என்றாள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. மக என்ற சொல் மட்டும் இலையில் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது, ரசம் வரைக்கும் அதைத் தொடாமல் சாப்பிட்டேன்.

அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது கிடையாது. வந்த புதிதில் தமயந்தி சொல்லிக்கொடுத்தாள், அங்கிள் என்று சொல்லு, இல்லாவிட்டால் அப்பா என்று சொல்லு. யூகேஜிப் பிள்ளைக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கோவர்த்தனன் என்று அவள் அம்மா போனில் யாரிடமோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வாயில் நுழைந்த வரைக்கும் வைத்துக்கொண்டாள். கோவா. ஊர் பெயர் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் கேலி செய்தார்கள், நானும் செய்தேன், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கோவா, ரப்பர் எங்க. கோவா, பசிக்குது. வெளியே ரோட்டில் அவள் கூப்பிட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டெங்கு வந்து இதே ஆஸ்பத்திரியில் நாலாம் மாடியில் கிடந்தாளே, அப்போது தமயந்தி ஊரில் இல்லை, நான்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அட்மிஷனில் இருந்த பெண் புதுசு, நான் இங்கே வேலை பார்க்கிறவன் என்று தெரியாது. "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும் சார்?" என்றாள். நான், "கூட வந்திருக்கேன்" என்றேன். அவள் அதைத்தான் எழுதிக்கொண்டாள். கூட வந்தவர். எழில் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள், தூக்கம் என்றுதான் நினைத்தேன். ராத்திரி கொஞ்சம் ஜுரம் இறங்கியதும், "கோவா, கூட வந்தவரே, தண்ணி குடுங்க" என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். அது கேலியா, வருத்தமா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இன்று காலை அவள் என்னைப் பார்த்த பார்வையிலும் அதே சிரிப்பின் அடி கொஞ்சம் கிடந்ததோ. நான் மறுபடியும் கூட வந்திருக்கேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வார்த்தைதான் வேறு, உன் இஷ்டம்மா. இப்போது போன் செய்து சொல்லிவிடலாம். என்ன சொல்வது? எழில், எனக்கு ஆசையாக இருக்கிறது, கோ போடு என்றா? அப்படிச் சொன்னால் அவள் போடுவாள், நான் சொன்னேன் என்பதற்காகப் போடுவாள், ஆயுசு முழுக்க நான் கேட்டு வாங்கிய எழுத்தாக அது அவள் பெயருக்கு முன்னால் நிற்கும். அந்தப் படத்துக்கு முன்னால் நான் உளுந்து அரைக்க வேண்டும். வேண்டாம். ம-வே இருக்கட்டும். சாயங்காலம் போய் அவள் காட்டும்போது நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும், இட்லியைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

மாற்றத்தை ஓட்டிவிட்டேன். புதுப் பெட்டி மதுரையில் பிறந்துவிட்டது, தாராளமான அகலம், அப்பா எழுத்து அம்மா எழுத்து இரண்டையும் கொம்பு காலோடு வைத்தாலும் மிச்சம் இருக்கும். சேதி திருச்சிக்குக் கிளம்பிவிட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை. காலையிலிருந்து லேபின் பழைய ரிப்போர்ட் மூட்டை ஒன்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அது முன்னால் நிற்கிறது, என் பெட்டி வரிசையில் அதற்குப் பின்னால். நடுவில் புகுத்த முடியாது. வந்த வரிசையில்தான் போக வேண்டும், அதுதான் இதன் நியாயம். திரையின் ஓரத்தில் பின்தங்கல் என்று ஒரு கோடு, ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது. இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் என் வேலையில் முக்கால்வாசி. கண் எரிகிறது. இடது முழங்கால் மரத்துவிட்டது, எழுந்து நடந்தால் சரியாகும், எழுந்தால் இந்தக் கோடு என்னவாகுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன், நான் பார்க்காவிட்டால் அது ஓடாது என்பது போல. அங்கே பெட்டி வருவதற்குள் இங்கே யாராவது அவசரக் கேஸ் வந்து தமிழில் இனிஷியல் போட்டுவிட்டால்? போட முடியாது, கேஷுவாலிட்டியில் இங்கிலீஷில் மட்டும் பதியச் சொல்லியிருக்கிறேன். சொன்னதைக் கேட்பார்களா? கேட்பார்கள். புதுப் பையன் ஒருத்தன் இருந்தால்? டிக் சரியாக வைத்தேனா? மறுபடி பார்த்தேன். சேர்ப்பது, ஆம். அகலப்படுத்துவது, ஆம். நீக்குவது, இல்லை. இந்த மூன்றையும் இதோடு எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே சலிப்பாக இருக்கிறது. தமயந்தி கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள், நான் அவளைக் கேலி செய்வேன். எழில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? ஏற்றியிருப்பாள். ம என்று அடித்திருப்பாள், கொம்பும் கிடையாது காலும் கிடையாது, எந்தச் சின்னப் பெட்டியிலும் சிரமமில்லாமல் உட்கார்கிற எழுத்து. மணிவாசகம் எல்லா விதத்திலும் கொடுத்து வைத்தவர். என் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், எங்கே போனாலும் கதவில் இடிக்கிறது. சே, என்ன நினைப்பு இது, செத்தவரோடு போட்டி போட்டுக்கொண்டு. களைப்பு. களைத்துப்போனால் எனக்குப் புத்தி இப்படித்தான் போகிறது.

கோடு இறங்குகிறது. மூட்டை போய்விட்டது போல. சோதனைக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன், கோ. சரசு என்றே வைத்தேன், அந்த மனிதரின் ஞாபகமாக. பெட்டி போய்ச் சேர்ந்தது என்று பச்சை வந்ததும் இங்கே அடித்தேன். மேசைப் போனில் திருச்சியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, "நஸ்ரத், பாரும்மா" என்றேன். அவள், "இருங்க சார், ரெஃப்ரெஷ் பண்றேன்" என்றாள். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. எழில். திரையில் அவள் எட்டாம் வகுப்பில் நாக்கை நீட்டிக்கொண்டு எடுத்த படம். நஸ்ரத்தை ஸ்பீக்கரிலேயே விட்டுவிட்டு எடுத்தேன்.

"கோவா, பிஸியா?"

"இல்ல. சொல்லு."

"ஒரு டவுட்டு. உங்க சப்ஜெக்ட்தான். இந்த ஸ்கூல் சைட்டுல இனிஷியல் கட்டம் மக்கர் பண்ணுது. இங்கிலீஷ்ல ஒழுங்கா ஏறிருச்சு, எம், ஜி. தமிழ்லதான் வரமாட்டேங்குது."

எம், ஜி. ஜி என்றால் கோவர்த்தனன். மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, அவள் அதைக் கேட்டிருப்பாள், வேலையாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"கோவா? இருக்கீங்களா? புள்ளி வைக்கக் கூடாதாம், ரெண்டு எழுத்துதான் எடுக்குமாம். நானும் ரெண்டுதானே அடிக்கிறேன்? ம, அப்புறம் கோ. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், ரெண்டும் போடப் போறேன்னு. உங்ககிட்ட மறுபடி கேட்டா இஷ்டம் கஷ்டம்னு எதையாவது சொல்லிக்கிட்டு இட்லியப் பாப்பீங்க. அதான் கேக்கல. ஆனா கோ அடிச்சா கொம்பும் காலும் விழுந்துருது. நாலு தடவை அடிச்சுட்டேன்."

"பெட்டி சின்னது" என்றேன். "கோ-வை அது ரெண்டா எண்ணும். ம ஒண்ணு, க ரெண்டு, அதோட இடம் தீந்துபோச்சு. கொம்பும் காலும் மூணாவது."

"அப்ப என்ன பண்றது? சாயங்காலத்துக்குள்ள சேவ் பண்ணணும்."

மேசைப் போனிலிருந்து நஸ்ரத்தின் குரல் வந்தது. "சார், வந்துருச்சு சார். கோ முழுசா இருக்கு. கொம்பு, கால், புள்ளி எல்லாம் கரெக்ட்டா இருக்கு. சார்?" நான் கையைக் காட்டினேன், அவளுக்குத் தெரியாது என்று தெரிந்தும்.

"சேவ் பண்ணிரு" என்றேன் எழிலிடம். "நாளைக்கு நான் வந்து உங்க மிஸ்ஸைப் பார்த்துச் சொல்றேன், சரி பண்ணிருவாங்க. இன்னிக்கு ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்."

"நிசமா? தப்பா இருக்கே கோவா."

"இப்ப கட்டத்துல என்ன வந்திருக்கு? அப்படியே படி."

"மக."

"ஏசி சத்தத்துல சரியாக் கேக்கல" என்றேன். நன்றாகத்தான் கேட்டது. "இன்னொரு தடவை படி."

"மக, கோவா. மக-ன்னு வந்திருக்கு."